நீலச் சட்டையைக் கண்டால் ஓடு

மெஸா ஆல்ட்டா, கலிஃபோர்னியா
4 மார்ச் 2013

அன்புள்ள பெர்னிக்கு,

முழங்கால் நீங்கலாக மற்ற உறுப்புகள் எல்லாம் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ வழக்கம்போல மூன்று பக்கத்துக்கு எழுதுவாய் என்று காத்திருக்கிறேன்.

ஃபோனில் நான் நழுவிவிடுகிறேன், எழுத்தில் நழுவ முடியாது என்று சொல்லி நீதான் இந்தக் கடிதச் சட்டத்தைப் போட்டாய். முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் கடிதத்தைச் சுமந்தவனுக்குத் தன் கடிதம் ஒன்றை எழுத ஒரு காலைப்பொழுது முழுக்க ஆகிறது. எழுதுகிறேன், என்ன செய்ய.

அத்திமரத்தின் கிளைகளைக் கழித்துவிட்டேன். என் பழைய வழியில் இப்போது லொரேன் என்ற அம்மாள் தபால் போடுகிறாள். ஐம்பது வயதிருக்கும், நல்ல வேகம். பதினொன்று நாற்பதுக்கு நம் பெட்டிக்கு வந்துவிடுகிறாள். என் நேரமேதான். பக்கத்து வீட்டுக் கராபெதியன் இன்னும் இரண்டு கோழி வாங்கியிருக்கிறார், மொத்தம் ஆறு. ஆறுக்கும் அவருடைய செத்துப்போன அத்தைகளின் பெயர். "உயிரோட இருந்தப்ப எனக்கு ஒண்ணும் குடுக்கல, இப்பவாச்சும் முட்டை குடுக்கட்டும்" என்கிறார்.

சாயங்காலம் மலைப்பக்கம் கயோட்டிகள், அந்தக் குள்ள ஓநாய்கள், ஊளையிடுகின்றன. உனக்குப் பிடிக்காத சங்கீதம். நம் வாசல் பக்கம் ஒன்றும் வருவதில்லை.

உன் அக்கா ஒடெஸ்ஸா காலமாகி ஐந்து மாதம் ஆகிறது. அவள் வீட்டை ஜூன் கடைசியில் காலி செய்யவேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்கப்புறம் என்ன என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளாதே.

உன்
லூஷியஸ்


ஷ்ரீவ்போர்ட், லூசியானா
12 மார்ச் 2013

மதிப்புக்குரிய தபால்காரருக்கு,

ஒரு பக்கக் கடிதம், அதில் பாதி கோழி. கேட்கவும் செய்து, கேட்கவில்லை என்றும் எழுதுகிற சாமர்த்தியம் உன்னைத் தவிர யாருக்கு வரும்!

நான் நலம். இங்கே மழை. ஒடெஸ்ஸாவின் துணிமணிகளைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவள் நாயை மட்டும் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. பெயர் கம்போ. மூன்று கிலோ எடை, முப்பது கிலோ கோபம். என் காலடியில்தான் படுக்கிறது.

இப்போது கேட்காத கேள்விக்குப் பதில். ஒடெஸ்ஸாவின் மகன் ரோலண்ட் அட்லாண்டாவில் எனக்கென்று ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறான். "சித்தி, நீங்க எப்ப வேணா வாங்க, எவ்வளவு நாள் வேணா இருங்க" என்று வாரம் தவறாமல் கூப்பிடுகிறான். பார், அவனுக்கு 'வாங்க' என்று சொல்ல வாய் வருகிறது. ஆக, என் முன்னால் இரண்டு வழி. அட்லாண்டா, இல்லாவிட்டால் நீ.

நான் ஏன் கிளம்பினேன் என்று உனக்குத் தெரியும். ஒடெஸ்ஸா நோயில் படுத்தது ஒரு சாக்கு. மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் நெஞ்சில் குழாய் வைத்துக்கொண்டு வந்தவனோடு எப்படி வாழ்வது? நான் அதைக் கராபெதியன் வாயால் கேட்டேன். வேலியோரம் நின்று, "இப்ப அவருக்கு நெஞ்சு தேவலையா?" என்று அவர் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீ ஒருநாளாவது யோசித்தாயா? உன்னை அன்றைக்கு இழந்திருந்தால்கூட எனக்குக் கடைசியில்தான் தெரிந்திருக்கும்.

எனவே இரண்டு விஷயம் சொல்கிறேன். நம் மஃபின் பூனையைக் கயோட்டி தூக்கிக்கொண்டு போனதை நான் மறக்கவில்லை, அதனால் கம்போவுக்கு அங்கே ஆபத்தில்லை என்று எனக்குத் தெரியவேண்டும். அதைவிடப் பெரியது அடுத்தது. எனக்குத் தெரியவேண்டிய எதையும் இன்னொரு தடவை அடுத்தவர் வாயால் நான் கேட்கக்கூடாது. கேட்டால் அட்லாண்டாதான். கத்தமாட்டேன், சண்டை போடமாட்டேன், ரயில் ஏறிவிடுவேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

பெர்னடீன்


மெஸா ஆல்ட்டா
24 மார்ச் 2013

அன்புள்ள பெர்னிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நெஞ்சு விஷயத்துக்கு நான் என்ன சொன்னாலும் போதாது, அதனால் வேலையில் இறங்கிவிட்டேன்.

விலங்குப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். ஒச்சோவா என்று ஒரு அதிகாரி அம்மாள், என் தோள் உயரம்கூட இல்லை, குரல் மட்டும் கண்டக்டர் குரல். ஒரு தாளைக் கையில் கொடுத்து, "கயோட்டி உங்க தெருவுக்கு வர்றது மனுஷன் மூஞ்சியப் பாக்க இல்ல ஐயா, சோத்துக்கு. சோத்த எடுத்துட்டீங்கன்னா அது பாட்டுக்குப் போயிடும்" என்றாள்.

அதன்படி எல்லாம் செய்துவிட்டேன். உதிர்ந்த பழம் எதுவும் தரையில் கிடக்காது. குப்பைத் தொட்டி மூடிக்குக் கொக்கி. மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்தைக் கம்பிவலை போட்டு அடைத்தாயிற்று. பின்மதில் நெடுகிலும் உருளை பொருத்தியிருக்கிறேன். கயோட்டி தாவி முன்னங்கால் வைத்தால் உருளை சுழன்று கீழே தள்ளிவிடும். வேலை செய்கிறதா என்று நானே ஏறிப் பார்த்து விழுந்தேன். நன்றாக வேலை செய்கிறது.

கம்போவை வெளியே கூட்டிப் போனால் சின்ன வார்தான் போடவேண்டும், நீளமாக விடக்கூடாது. எதிரே கயோட்டி வந்தால் நாயைத் தூக்கிக்கொள். ஓடாதே. ஓடினால் நீ இரை என்று அதற்குத் தோன்றிவிடும். கையை உயர்த்திப் பெரிய உருவமாக நின்று, கண்ணைப் பார்த்துச் சத்தம் போடு. சத்தம் போட உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் தெருவில் யாரும் அவற்றுக்குத் தீனி வைப்பதில்லை. அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

அத்தி நன்றாகத் துளிர்த்திருக்கிறது. கூரையின் மேற்குப் பக்கத்தையும் சரி செய்துவிட்டேன். இவ்வளவுதான் விசேஷம்.

உன்
லூஷியஸ்


மெஸா ஆல்ட்டா
17 ஏப்ரல் 2013

அன்புள்ள பெர்னிக்கு,

இனிமேல் வீட்டு விலாசம் வேண்டாம், தபால் ஆபீஸ் விலாசத்துக்கே எழுது. நானே போய் கவுண்டரில் வாங்கிக்கொள்கிறேன். முழங்காலுக்கு நடை நல்லது என்று டாக்டர் சொன்னார். தினம் இரண்டு மைல் ஆகும், நல்ல காற்று.

வேறொன்றும் இல்லை.

உன்
லூஷியஸ்


ஷ்ரீவ்போர்ட்
26 ஏப்ரல் 2013

அன்புள்ள லூஷியஸ்,

முப்பத்தொரு வருஷம் நடந்து தேய்ந்த முழங்காலுக்கு இன்னும் நடைதான் மருந்து என்று சொன்ன அந்த டாக்டரை நான் பார்க்கவேண்டும்.

கம்போ நேற்று ரோலண்டின் பழைய செருப்பு ஒன்றைத் தின்றுவிட்டது. அவன் ஒரு வாரம் இங்கே வந்திருந்தான், மூட்டை கட்ட உதவி செய்தான். அட்லாண்டாவுக்கு வருகிறேனா என்று கேட்டான். இந்த மாதக் கடைசிக்குள் சொல்கிறேன் என்றேன்.

தெருவில் எல்லாரும் நலமா? கராபெதியன் நலமா? அவருடைய அத்தைகள் நலமா? லொரேன் தினமும் வருகிறாளா?

உனக்கு எழுதவேண்டியது ஏதாவது இருந்தால் எழுது. தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியாததில்லை.

பெர்னடீன்


மெஸா ஆல்ட்டா
5 மே 2013, ஞாயிறு

பெர்னி,

இதை உட்கார்ந்து படி. நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. ஆனால் நான் உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நவம்பரிலிருந்து.

நம் தெருவில் கயோட்டிக்குத் தீனி வைக்கிற ஆள் ஒருவன் இருக்கிறான். அது நான்தான்.

ஒடெஸ்ஸாவின் காரியம் முடிந்ததும் நீ வந்துவிடுவாய் என்று கட்டில் விரிப்பை மாற்றி வைத்திருந்தேன். நீ வரவில்லை. ஒரு நாள் குளிருக்கு என் பழைய நீலச் சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பத்தடி தள்ளி ஒரு கயோட்டி. பெட்டை. இடது காது கிழிந்திருந்தது, விலா எலும்பு தெரிந்தது. அது என்னையும் நான் அதையும் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. கை தன்பாட்டுக்குச் சட்டைப்பைக்குள் போனது. ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் அதற்குள் ஒரு நாய் பிஸ்கட் கிடந்தது.

உனக்குத் தெரியும், என் வழியில் எத்தனை நாய்! கடிக்க வருகிற நாய்க்கு முதல் நாள் ஒரு பிஸ்கட், மறுநாள் ஒன்று, பத்தாம் நாள் அது வாலாட்டிக்கொண்டு அடுத்த வீடு வரைக்கும் கூடவே வரும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு கடிதான் வாங்கினேன், அதுவும் பிஸ்கட் தீர்ந்துபோன அன்றைக்கு. நாலுகாலில் எது எதிரே வந்து நின்றாலும் தபால்காரன் கைக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். காட்டில் இருப்பதற்கும் வீட்டில் இருப்பதற்கும் வித்தியாசம் கைக்குத் தெரியவில்லை. மறுநாளும் போட்டேனே, அப்போது தலைக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தும் போட்டேன். தினம் பதினொரு மணிக்கு வந்து உட்காரும், நானும் சட்டையை மாட்டிக்கொண்டு போவேன், லொரேன் வருவதற்குள் அது போய்விடும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதைதான். உருளை வைத்தேன், கொக்கி போட்டேன் என்று உனக்கு எழுதிவிட்டு, அதே கையால் வாசலில் பிஸ்கட் போட்டேன்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி லொரேன் வந்தாள். அதே நீலச் சட்டை, தோளில் பை. நான் அன்று பல் டாக்டரிடம் போயிருந்தேன். எனக்காகக் காத்துக் கிடந்த கயோட்டி அவள் முன்னால் போய் உட்கார்ந்தது, பிஸ்கட்டுக்கு. அவளுக்கு எப்படித் தெரியும்? பின்னால் நகர்ந்தாள், அது முன்னால் வந்தது. அவள் ஓடினாள். அது துரத்திப் போய்ப் பையின் வாரைப் பிடித்து இழுத்தது. நடைபாதையில் விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. பல் படவில்லை. பட்டிருந்தால் பேச்சே இல்லை, அன்றைக்கே கயோட்டியைச் சுட்டிருப்பார்கள்.

மறுநாளிலிருந்து நம் தெருவுக்குத் தபால் கிடையாது. ஆபத்தான மிருகம் திரிகிறதென்று நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் கவுண்டரில் போய் வாங்குகிறேன். டாக்டரும் சொல்லவில்லை, காற்றும் வாங்கவில்லை. பதினாலு வீட்டுக்கு என்னால் தபால் நின்றுபோயிற்று பெர்னி, என்னால்!

இது பாதிதான். தேவாலயக் கூடத்தில் தெருக்கூட்டம் போட்டார்கள். மூலைவீட்டு ப்ரூயிட் அம்மாள் எழுந்து, "யாரோ சோறு வெக்கிறாங்கன்னு ஆபீசரம்மா சொல்றாங்க. கோழி வெச்சிருக்கிற வீட்டுப் பக்கம்தானே வருது?" என்றாள். எல்லார் தலையும் கராபெதியன் பக்கம் திரும்பிற்று. அவர், "ஏம்மா, என் அத்தைங்க கல்யாணத்துக்கே யாரையும் கூப்பிட மாட்டாங்க, கயோட்டியவா கூப்பிடப் போறாங்க!" என்றார். சிரித்தார்கள். ஆனால் நம்பவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் என் ஷூவைப் பார்த்தேன்.

மறுவாரம் ஆறு கோழியையும் ஒவ்வொன்றாக மார்போடு அணைத்துத் தூக்கிப் போய்க் காரில் வைத்து மகள் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கூடு காலியாக இருக்கிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, வலித்தது.

புதன்கிழமை பொறி வைக்கப் போகிறார்கள். நேற்று ஒச்சோவாவிடம், பிடித்துத் தூரக் காட்டில் விடக்கூடாதா என்று கேட்டேன். "சட்டமில்ல ஐயா. விட்டாலும் அந்த இடத்துக் கயோட்டிங்க வாழ விடாது. பிடிச்சா கொல்றதுதான்" என்றாள். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "மனுஷன் கையால தின்னு பழகிருச்சுன்னா அது நாள் குறிச்ச கயோட்டி. குத்தம் அதும்மேல இல்ல" என்றாள். இந்தக் காலத்தில் அதற்குக் குட்டிகளும் இருக்கும்.

நாளைக்கு மறுபடி கூட்டம். எழுந்து சொல்லப்போகிறேன். ஆனால் அவர்களுக்கு முன்னால் உனக்குச் சொல்லவேண்டும் என்றுதான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். இது உன் கைக்கு வர நாலு நாளாகும், அதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இருந்தாலும் முதலில் எழுதினது உனக்குத்தான். தேதியைப் பார்த்துக்கொள்.

நீ அட்லாண்டாவுக்குப் போனால் அது நியாயம்தான். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

லூஷியஸ்


மெஸா ஆல்ட்டா
22 மே 2013

அன்புள்ள பெர்னிக்கு,

பதில் இல்லை. கவுண்டரில் தினமும் கேட்கிறேன். உள்ளே இருக்கிற பழைய சிநேகிதர்கள் என்னைப் பார்த்ததுமே இல்லை என்று தலையாட்டிவிடுகிறார்கள். பதில் போடாமல் இருப்பது உன் உரிமை. நடந்ததைச் சொல்லவேண்டியது என் கடமை என்று எழுதுகிறேன்.

கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "தீனி போட்டது நான். கராபெதியன் இல்ல. லொரேன் கை ஒடிஞ்சதும் என்னாலதான்." அவ்வளவுதான் வந்தது. ப்ரூயிட் அம்மாள், "நீங்களா லூஷியஸ்! சர்ச்சுல எல்லாருக்கும் கதவு திறந்து விடறவராச்சே நீங்க!" என்றாள். கராபெதியன் மட்டும், "அப்பாடா, என் அத்தைங்க மானம் திரும்பி வந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் பக்கத்து நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். அன்றைக்கு நான் உட்கார்ந்த நாற்காலி அது ஒன்றுதான்.

பொறி வைப்பதை இரண்டு வாரம் தள்ளிப்போட ஒச்சோவா ஒப்புக்கொண்டாள். அதற்குள் அது மனிதரைக் கண்டு பயப்பட வேண்டும். யார் கண்ணில் பட்டாலும் சத்தம் போட்டு விரட்டவேண்டும். அதற்கப்புறமும் யாரிடமாவது நெருங்கி வந்தால் பொறிதான். "முக்கியமா நீங்க ஐயா. அந்த நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு நீங்கதான் விரட்டணும். மத்தவங்க விரட்டினா மத்தவங்களுக்குத்தான் பயப்படும். அந்தச் சட்டைக்குப் பயப்படலைன்னா நாளைக்கு இன்னொரு தபால்காரி விழுவா."

லொரேன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மாவுக்கட்டோடு கதவைத் திறந்தாள். "உங்க ரூட்டுன்னு ஆசையா கேட்டு வாங்கினேன் சார். அங்க எல்லா நாயும் நல்ல நாயா இருக்கேன்னு ஆச்சரியப்பட்டேன். இப்பத்தானே தெரியுது ரகசியம்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அப்புறம் அவளே, "விரட்டறதுக்கு நானும் வரேன். சட்டை ரெண்டா இருந்தா அதுக்குச் சீக்கிரம் புரியும்" என்றாள்.

முதல் நாள் பதினொரு மணிக்கு வந்தது. வழக்கம்போல உட்கார்ந்தது. நான் கூழாங்கல் போட்ட தகர டப்பாவைக் குலுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி, "போ! போடி இங்கருந்து!" என்று கத்தினேன். தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிஸ்கட் ஏன் தாமதம் என்று நினைத்திருக்கும். லொரேன் இடது கையில் டப்பாவை வைத்துக்கொண்டு கத்தின வார்த்தைகளைத் தபால் ஆபீசில்கூட நான் கேட்டதில்லை. அது நாலடி நகர்ந்து மறுபடி உட்கார்ந்தது. காலுக்குப் பக்கத்தில் தரையில் கல் எறிந்தேன், மேலே படாமல். வீட்டுக்குள் வந்து கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தெரு முழுக்கச் சேர்ந்துகொண்டது. ப்ரூயிட் அம்மாள் வாணலியும் கரண்டியுமாக வந்தாள். மூன்றாம் நாள் தண்ணீர்க் குழாயைப் பிடித்தேன், நனைந்து ஓடிற்று, மறுநாள் திரும்பி வந்தது. ஏழாம் நாள் தெருக்கோடியோடு நின்றுவிட்டது. ஒன்பதாம் நாள் அங்கே நின்று ரொம்ப நேரம் என்னையே பார்த்தது. அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை பெர்னி. நான் டப்பாவைக் குலுக்கினேன். அதற்கப்புறம் தெருவுக்கு வரவில்லை.

நேற்று மலையடியில் வறண்ட ஓடைப் பக்கம் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தேன், ஒச்சோவா சொன்ன கடைசிச் சோதனை. மேட்டில் கிழிந்த காது தெரிந்தது. பின்னால் மூன்று குட்டி. என்னைக் கண்டதும் ஒரே ஒரு குரைப்பு, சின்னது. நாலும் புதருக்குள் பாய்ந்துவிட்டன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நீலச் சட்டையைக் கண்டால் ஓடு என்று குட்டிகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டது. இனி பிழைத்துக்கொள்ளும்.

அங்கேயே நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று கராபெதியனிடம் சொன்னேன். உனக்கு அப்படிச் சொல்லமாட்டேன். எனக்குத் துக்கம். நீ இல்லாத ஆறு மாதம் என் வாசலைத் தேடி வந்தது அது ஒன்றுதான்.

பொறி வேண்டாம் என்று ஒச்சோவா எழுதிக் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை விடுமுறை, செவ்வாயிலிருந்து தெருவுக்குத் தபால் வரும். கோழிகளும் ஞாயிறன்று திரும்பி வருகின்றன, நானும் போய்த் தூக்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கூரையைச் சரி செய்தேன், அத்தி துளிர்த்தது, உருளை வைத்தேன் என்று இத்தனை கடிதத்தில் என்னென்னவோ உனக்கு எடுத்துப் போட்டேன். சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. வா பெர்னி. வீடு தயார் என்பதற்காக இல்லை. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. வா.

உன்
லூஷியஸ்


ஷ்ரீவ்போர்ட்
30 மே 2013

என் அன்பு லூஷியஸ்,

உன் இரண்டு கடிதமும் மடியில் இருக்கின்றன. ஒன்றின்மேல் கம்போ படுத்திருக்கிறது, எழுப்பினால் கடிக்கும்.

நானும் ஒன்றைச் சொல்லவேண்டும், நீ உட்கார்ந்துகொள். எனக்கு எல்லாம் முன்பே தெரியும். ஏப்ரல் இருபதாம் தேதி கராபெதியன் எழுதிவிட்டார். பிஸ்கட், லொரேன் கை, நின்றுபோன தபால், கூட்டத்தில் நீ ஷூவைப் பார்த்தது, எல்லாம். தொடக்கத்திலிருந்தே அவருக்குத் தெரியுமாம், வேலி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். "அவரு தானா சொல்லுவாரு, அதுவரைக்கும் பழி என்மேல இருக்கட்டும். ஆனா உங்களுக்குத் தெரியாம இருக்கறது சரியில்ல" என்று எழுதியிருந்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரரா! எனக்கு எழுதினதை உன்னிடம் சொல்லவேண்டாம் என்று அவருக்குப் பதில் போட்டேன்.

என் சட்டப்படி அன்றைக்கே நான் ரயில் ஏறியிருக்கவேண்டும். மறுபடியும் அடுத்தவர் வாய்! ஏறாமல் உனக்கு அந்த 'எல்லாரும் நலமா' கடிதத்தை எழுதினேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்று பார்த்தேன், நீ உள்ளே வருகிறாயா என்று. ஏப்ரல் முடிந்தது. ஒன்றும் வரவில்லை. மே முதல் தேதி ரோலண்டிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பாவம், அவன் சுவருக்கு வர்ணம்கூட அடித்துவிட்டான்.

ஒன்பதாம் தேதி உன் கடிதம் வந்தது. தேதியைப் பார்த்தேன். கூட்டத்துக்கு முந்தின நாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஊருக்கு முன்னால் எனக்குச் சொல்லியிருக்கிறாய். சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. மூன்று வாரம் ஒரு வார்த்தை எழுதாமல் உன்னைக் கவுண்டரில் நிற்கவைத்தேன். நீ கற்றுக்கொண்டாயா, இல்லை மாட்டிக்கொண்டோம் என்று பயந்தாயா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. நேற்று வந்த கடிதத்தில், கராபெதியனிடம் சந்தோஷம் என்று சொன்னேன், உனக்கு அப்படிச் சொல்லமாட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் எனக்குக் கோபம் போய்விட்டது.

ரோலண்டிடம் சொல்லிவிட்டேன். "அப்ப அந்த ரூம்ல நான் என்ன பண்றது சித்தி?" என்றான். கல்யாணம் பண்ணு என்றேன். ஜூன் பதினெட்டு, செவ்வாய், மத்தியானம் வந்து இறங்குவேன். கம்போவுக்குச் சின்ன வார் வாங்கியாயிற்று. கராபெதியனிடம் இதைக் காட்டு, இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை நீ இன்னும் எனக்கு எழுதவில்லை. கராபெதியன் கடிதத்தின் கடைசியில் இருந்தது, பல தடவை படித்துவிட்டேன். "உங்க வீட்டுக்காரர் பிஸ்கட் போட்டுட்டு உள்ள போறதில்லம்மா. படியில உக்காந்து அந்த மிருகத்துகிட்ட தினம் அரைமணி நேரம் பேசறாரு. என்னன்னு காது குடுத்துக் கேட்டேன். எல்லாம் உங்களப் பத்தித்தான்."

படித்துவிட்டுப் பொறாமையில் அழுதேன். அறுபத்தாறு வயதில், ஒரு காது கிழிந்த கயோட்டிமேல் பொறாமை! என்னிடம் ஒரு நாளும் அரைமணி பேசாதவன் அதனிடம் என்ன பேசினாய் லூஷியஸ்? அதைத்தான் கேட்க வருகிறேன். ஒன்றுவிடாமல் சொல்லவேண்டும்.

உன்
பெர்னி